கடலூர் பக்கம் நஞ்சையில் 160 மனை: வெள்ளத்தையும் போக்குவரத்தையும் காட்டி ஆட்சேபணை எழுதுவது எப்படி?

கெடிலக்கரை:

வணக்கம். கடலூர் மாநகராட்சி எல்லையைத் தாண்டியதும் வரும் ஓர் ஊராட்சியைப் பற்றிய கேள்வி இது. கெடிலத்துக்கும் தென்பெண்ணைக்கும் இடைப்பட்ட தாழ்வான நிலம். ஊரின் கிழக்கு ஓரத்தில் 8 ஏக்கர் நஞ்சையை ஏறத்தாழ 160 மனைகளாகப் பிரிக்க டி.டி.சி.பி.க்கு (நகர் ஊரமைப்பு இயக்ககம்) விண்ணப்பம் போயிருக்கிறது. அனுமதி வந்துவிட்டதா என்று யாருக்கும் தெரியவில்லை. கல் நட்டு, கொடி கட்டி, ஒரு மூலையில் சவுடு மண் கொட்டத் தொடங்கிவிட்டார்கள்.

மேற்கே சுமார் 40 ஏக்கர் வயல், கூடவே மூன்று தெருக்கள். அத்தனை மழைத்தண்ணீரும் இந்த 8 ஏக்கரின் நடுவே ஓடும் ஒரு வாய்க்கால் வழியாகத்தான் வடிய வேண்டும். நிலத்தில் பார்த்தால் வாய்க்கால் ஒரு மீட்டர் அகலம்கூட இல்லை. தார்ச்சாலையைக் கடக்கும் இடத்தில் 600 மி.மீ. சிமென்ட் குழாய் ஒன்றே ஒன்று, அதிலும் பாதி மண். 2015 நவம்பரிலும் 2024 டிசம்பரிலும் கீழண்டைத் தெருவில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது.

புது மனைகளுக்கு வழி, ஊருக்குள் வரும் 3.75 மீட்டர் தார்ச்சாலைதான். பள்ளி வேன், கரும்பு டிராக்டர், பால் வண்டி எல்லாமே அதில்தான்.

300 பேர் கையெழுத்து வாங்கியாயிற்று. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் போதுமா? யாருக்கு எழுத வேண்டும், எதை வைத்து நிரூபிக்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மட்டக்கோல்:

கையெழுத்து ஊரின் மனநிலையைக் காட்டும், தண்ணீர் எங்கே போகும் என்பதைக் காட்டாது. மனுவோடு, எந்த இடம் எவ்வளவு மேடு, எவ்வளவு பள்ளம் என்று காட்டும் ஒரு பக்க மட்டக்கணக்கு போக வேண்டும். அதை ஊர்க்காரர்களே இரண்டு நாளில் எடுத்துவிடலாம்.

அதற்கு முன்னால் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். 2024இல் வந்தது ஒரே வெள்ளம் அல்ல. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது பெய்த மழை முதல் வெள்ளம். புதுச்சேரியில் மட்டும் 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கு மேல். டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.6 லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்ட பிறகு தென்பெண்ணை வழியாக வந்தது இரண்டாவது. நீங்கள் இரண்டையும் சேர்த்து எழுதினால் மனை போடுபவர் தரப்பில் ஒரே வரியில் பதில் வரும்: "அது அணைத் தண்ணீர், எங்கள் நிலத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை." அணைத் தண்ணீர் விஷயத்தில் அந்தப் பதில் சரியாகவும் இருக்கும். ஆகவே உள்ளூர் மழை வடியாமல் நின்றதைத் தனியாக எடுங்கள். டிசம்பர் 1ஆம் தேதி தேதியோடு உள்ள செல்போன் படங்கள் கிடைத்தால் அவையே முதல் சான்று. 2015 நவம்பர் 9இல் நெய்வேலியில் ஒரே நாளில் 48 செ.மீ. கொட்டியது. அந்த வாரத்துப் படங்களும் உதவும்.

இனி கணக்கு. 8 ஏக்கர் என்றால் சுமார் 32,400 சதுர மீட்டர். வரப்புக்குள் 15 செ.மீ. தண்ணீர் நின்றாலே 4,850 கன மீட்டர், அதாவது 48 லட்சம் லிட்டர். மண் கொட்டி மேடாக்கினால் இந்தக் கொள்ளளவு அப்படியே போய்விடும். 60 செ.மீ. நின்ற இடமென்றால் 19,000 கன மீட்டருக்கு மேல். அவ்வளவு தண்ணீருக்கும் பக்கத்துத் தெருக்களைத் தவிர வேறு இடமில்லை.

ஓட்டத்தின் வேகம் இன்னொரு பக்கம். மணிக்கு 50 மி.மீ. மழை என்று வையுங்கள். வயலாக இருக்கும்போது விழுந்ததில் 30% ஓடும் என்றால், 8 ஏக்கரிலிருந்து விநாடிக்கு 0.135 கன மீட்டர். கூரை, சாலை, சிமென்ட் தளம் வந்த பிறகு 70% ஓடும்: 0.315 கன மீட்டர். இரண்டு மடங்குக்கு மேல். மேற்கே உள்ள 40 ஏக்கர் இன்னும் வயலாகவே இருக்கிறது என்று எடுத்தாலும் 0.675. மொத்தம் ஏறத்தாழ 1 கன மீட்டர். உங்கள் 600 மி.மீ. குழாய் சுத்தமாக இருந்து, 500க்கு 1 சரிவும் இருந்தால் 0.27தான் கடத்தும். புது மனைகளின் தண்ணீருக்கே அது போதாது. 900 மி.மீ. குழாய் அதைப்போல மூன்று மடங்கு, சுமார் 0.8. அதுவும் ஒன்று போதாது. இரண்டு வரிசை, அல்லது 1.2 மீட்டர் அகலப் பெட்டிப் பாலம் வேண்டும்.

இந்த 30% என்பதே தாராளமான எண். ஐப்பசி முடிந்து நிலம் ஊறிவிட்டால் வயலிலிருந்தும் பாதிக்கு மேல் ஓடும். பெரிய பரப்பிலிருந்து தண்ணீர் வந்து சேர நேரமாகும் என்பதையும் நான் எடுக்கவில்லை. மனுவில் இதைத் தோராயக் கணக்கு என்றே எழுதுங்கள். சரியான கணக்கைப் போட வேண்டியது விண்ணப்பதாரர். அவர் போடவில்லை என்பதுதான் உங்கள் வாதம்.

மட்டம் எடுப்பது: கொத்தனார்களிடம் 12 மி.மீ. கண்ணாடிபோல் தெரியும் டியூப் இருக்கும். 25 மீட்டர் நீளம் வாங்குங்கள். ஒரு முனையைக் குடத்துக்குள் வைத்து, மறு முனையில் உறிஞ்சித் தண்ணீரை இறக்கினால் காற்றுக்குமிழி தங்காது. குமிழி ஒன்று இருந்தாலும் அளவு பொய்யாகிவிடும். இரண்டு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, தண்ணீர் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். கோயில் படி, ஊராட்சி அலுவலகத் திண்ணை போல அசையாத ஓர் இடத்தை 10.00 மீட்டர் என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து 20 மீட்டர் 20 மீட்டராக நகருங்கள். கடைசியில் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து மூடுங்கள். 400 மீட்டர் சுற்றுக்கு 2 செ.மீ.க்குள் வித்தியாசம் இருந்தால் ஏற்கலாம், மேலே போனால் மறுபடியும் எடுக்க வேண்டும்.

எடுக்க வேண்டிய புள்ளிகள்: மேற்கே வாய்க்கால் தலைப்பின் அடி, குழாயின் உள் அடிமட்டம், தார்ச்சாலையின் நடு உச்சி, இன்னும் மண் படாத வயல், இப்போது கொட்டிய மண்ணின் மேல்மட்டம், கீழண்டைத் தெருவில் மிகத் தாழ்ந்த ஐந்து வீடுகளின் நிலைவாசல், சுவரில் உள்ள 2024 நீர்க்கறை, கிழக்கே வடிகாலின் அடி. இவற்றை ஒரே கோட்டில் வரைந்தால், புது மண்ணின் மட்டம் நிலைவாசலைவிட எத்தனை செ.மீ. உயரம் என்பது படிக்காதவருக்கும் புரியும். அந்த ஒற்றைத் தாளை மனுவின் முதல் இணைப்பாக வையுங்கள்.

"மழைநீர் சேகரிப்புக் குழி போடுகிறோம்" என்று சொல்வார்கள். கார்த்திகையில் கிணற்று நீர் தரையைத் தொட்டு நிற்கிற ஊரில் குழிக்குள் தண்ணீர் இறங்காது, குழியிலிருந்து மேலே வரும். அதே காரணத்தால் 160 செப்டிக் டேங்கும் நிரம்பித் தெருவுக்கு வரும். இதையும் கேளுங்கள்.

தேக்கக் குட்டை என்றால் ஓரளவு பேசலாம். கூடுதல் ஓட்டத்தை இரண்டு மணி நேரம் நிறுத்த மட்டும் 1,300 கன மீட்டர் வேண்டும். 1.2 மீட்டர் ஆழத்தில் 27 சென்ட். சாதாரண மழைக்கு அது உதவும். 46 செ.மீ. மழையில் அந்த 8 ஏக்கரே 10,000 கன மீட்டருக்கு மேல் தள்ளும். அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில் முகத்துவாரம் ஏறி நிற்கும்போது வடிகால்களும் வாங்காது. எனவே குட்டை வெட்டினால் மண் மேடாக்கிக்கொள்ளலாம் என்ற பேரத்துக்கு இணங்க வேண்டாம்.

அ_பதிவேடு:

மட்டக்கோல் சொன்னது பாதி. மீதிப் பாதி ஆவணத்தில் இருக்கிறது.

சர்வே எண்ணைப் பிடியுங்கள். பட்டா, அ பதிவேடு (சர்வே எண்வாரியான நிலப் பதிவேடு), எஃப்.எம்.பி. (புல வரைபடம்) மூன்றும் அரசின் இ-சேவைத் தளத்தில் இன்றைக்கே எடுக்கலாம். எஃப்.எம்.பி.யில் அந்த வாய்க்கால் தனி உட்பிரிவாக, "வாய்க்கால் புறம்போக்கு" என்று இருக்கிறதா, அல்லது பட்டா நிலத்துக்குள் வெறும் கோடாக இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வழக்கின் போக்கையே இது மாற்றும்.

புறம்போக்கு என்றால், அதை நகர்த்தவோ குறுக்கவோ பட்டாதாரருக்கு உரிமை கிடையாது. அதன் குறுக்கே மனைக்குச் சாலை போட நீர்வளத்துறை அனுமதி வேண்டும். கோட்டாட்சியரிடம் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 152இல், பொது வாய்க்காலில் உள்ள தடையை அகற்றச் சொல்லி மனு கொடுக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133 என்று சொன்னதுதான் இது.

பட்டாவுக்குள் ஓடுகிறது என்றால் மனம் தளர வேண்டாம். மாவட்ட நில அளவை அலுவலகத்தில் பழைய கிராம வரைபடம், யு.டி.ஆர்.க்கு (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) முந்தைய பதிவேடு இரண்டையும் கேளுங்கள். யு.டி.ஆர். சமயத்தில் புறம்போக்கு பட்டாவுக்குள் சேர்ந்துபோன வாய்க்கால்கள் உண்டு. அதிலும் கிடைக்கவில்லை என்றால் 1882 வசதியுரிமைச் சட்டம் இருக்கிறது. கோர்ட்டில் ஈஸ்மென்ட் என்பார்கள். மேட்டு நிலத்தில் விழும் மழைநீர், வாய்க்கால் என்று ஒன்று இல்லாவிட்டாலும், இயல்பாகத் தாழ்ந்த நிலத்துக்கு ஓட தாழ்ந்த நிலத்துக்காரர் இடம் விட வேண்டும் என்பது அதன் பிரிவு 7இலேயே எடுத்துக்காட்டாக இருக்கிறது. மண் கொட்டி அணைபோல் நிறுத்துவது அந்த உரிமையை நேராக மீறுவது. மேற்கே நிலமுள்ள விவசாயிகள் இருவர், மூவர் சேர்ந்து உரிமையியல் நீதிமன்றத்தில் தடை கேட்கலாம். இந்த வழக்கில் வாதிகள் அவர்களாக இருக்க வேண்டும். கீழண்டைத் தெருவாசிகளின் பாதிப்பு வேறு வகை.

யாருக்கு எழுதுவது? குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள், தவறில்லை. ஆனால் அந்த மனு ஆட்சியர் அலுவலகத்திலிருந்து துறைக்குப் போய்ச் சேர்வதற்குள் கோப்பு நகர்ந்துவிடலாம். அதே நாளில் மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும், நீர்வளத்துறைச் செயற்பொறியாளருக்கும், வேளாண் இணை இயக்குநருக்கும், வட்டாட்சியருக்கும், ஊராட்சித் தலைவர் அல்லது தனி அலுவலருக்கும் ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். ஒவ்வொரு கடிதத்திலும் அந்தந்தத் துறை முடிவு செய்ய வேண்டிய விஷயம் மட்டும் இருக்கட்டும். நீர்வளத்துறைக்குப் போகும் கடிதத்தில் போக்குவரத்தைப் பற்றி எழுதினால் அது வேறு துறை என்று திருப்பிவிடுவார்கள்.

மனைப்பிரிவு அனுமதி இரண்டு படியாக வரும். முதலில் நகர் ஊரமைப்பு அலுவலகத்தின் தொழில்நுட்ப அனுமதி. பிறகு சாலையையும் திறந்தவெளியையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்து, நிபந்தனைகளை நிறைவேற்றிய பின் இறுதி அனுமதி. பலர் முதல் படி முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று ஓய்ந்துவிடுகிறார்கள். இந்த இடைவெளியில்தான் "நீர்வளத்துறை போட்ட நிபந்தனைப்படி பாலம் கட்டவில்லை, வாய்க்கால் அகலம் விடவில்லை" என்று படத்தோடு எழுதினால் வேலை நடக்கும். அனுமதி இல்லாத மனையைப் பதிவு செய்யப் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தடை போடுகிறது. சார்பதிவாளருக்கும் ஒரு நகல் போகட்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அலுவலகத்துக்கு ஒன்றாகத் தனித்தனி மனு போடுங்கள். "ஏன் அனுமதித்தீர்கள்" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள் அல்லர். ஆவணத்தைக் கேளுங்கள்: இன்ன சர்வே எண்ணுக்கு வந்த விண்ணப்ப நகல், மனை வரைபடம், தல ஆய்வு அறிக்கை, நீர்வளத்துறையின் தடையின்மைக் கடிதம், அதில் குறித்த நிரப்பு மட்டம், பாலத்தின் அளவு. கூடவே கோப்பை நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ஆனால் பதில் வரட்டும் என்று ஆட்சேபணையை நிறுத்தி வைக்காதீர்கள்.

கொட்டுகிற சவுடு எங்கிருந்து வருகிறது? கனிம வளத்துறை அனுமதியும் லாரிக்கு நடைச்சீட்டும் வேண்டும். லாரி எண், நேரத்தோடு படம் எடுத்து உதவி இயக்குநருக்கு அனுப்பினால், மற்ற மனுக்களைவிட வேகமாக நடவடிக்கை வர வாய்ப்பு உள்ள இடம் இதுதான்.

சுற்றுச்சூழல் அனுமதி பற்றிப் பலர் தவறாகச் சொல்கிறார்கள். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால்தான் அது வரும். பகுதி மேம்பாட்டுத் திட்டம் என்றால் 50 ஹெக்டேர். 8 ஏக்கர் வெறும் மனைப்பிரிவு அதற்குள் வராது. வந்தாலும் இந்த வகைத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு கிடையாது. "கருத்துக்கேட்பு நடத்தவில்லை" என்று மனுவில் எழுதினால் உங்கள் மற்ற வாதங்களையும் யாரும் மதிக்க மாட்டார்கள். அதே சமயம், நீர்நிலை மறிக்கப்பட்டது என்ற காரணத்துக்குத் தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயத்தை அணுகலாம். காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம் கெடு, தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள். மண் கொட்டத் தொடங்கிய தேதியை இன்றே குறித்து வையுங்கள்.

கிராம சபைத் தீர்மானமும் போடுங்கள். அது அனுமதியைத் தானாகத் தடுக்காது. ஆனால் நீதிமன்றத்தில் கோப்பைப் புரட்டும்போது கண்ணில் படும். தீர்மானத்தில் சர்வே எண், வாய்க்காலின் உட்பிரிவு எண், கோரிக்கை மூன்றும் இருக்க வேண்டும். "மனை வேண்டாம்" என்று மட்டும் எழுதிய தீர்மானத்தால் பயன் இல்லை.

நாற்சந்தி:

போக்குவரத்துக்கு வருகிறேன். "நெரிசல் அதிகமாகும்" என்று எழுதினால் அது கருத்து. எண்ணிக்கை கொடுத்தால் சான்று.

செவ்வாய், புதன், வியாழனில் ஏதாவது ஒரு நாள், பள்ளி நடக்கும் நாளாகப் பார்த்து, காலை 7.30 முதல் 10 வரை, மாலை 4 முதல் 7 வரை எண்ணுங்கள். ஒரு திசைக்கு இருவர். 15 நிமிடத்துக்கு ஒரு கட்டம். பைக், கார், ஆட்டோ, வேன், பஸ்-லாரி, டிராக்டர், சைக்கிள் என்று தனிப்பத்தி. இந்தியச் சாலைக் காங்கிரஸின் 106ஆம் நெறிமுறையில் எல்லாவற்றையும் கார் அளவுக்கு மாற்றும் எண்கள் இருக்கின்றன. நம் பக்கம் பைக்தான் அதிகம் என்பதால் அதற்கு 0.75, காருக்கு 1, டிரெய்லர் கட்டிய டிராக்டருக்கு 4 முதல் 5. கரும்பு வெட்டுக் காலத்தில் எண்ணினால் உண்மை நிலவரம் தெரியும்.

அதே நெறிமுறைப்படி இருவழிச் சேகரிப்புச் சாலை (தெருக்களைப் பெரிய சாலையோடு இணைப்பது) மணிக்கு 900 கார் அளவைத் தாங்கும். ஆனால் அது 7 மீட்டருக்கு மேல் அகலமான சாலைக்கு. உங்கள் 3.75 மீட்டர் ஒருவழி அகலம் அந்த அட்டவணையிலேயே இல்லை. எதிரே வண்டி வந்தால் ஒன்று மண்ணில் இறங்க வேண்டும். எத்தனை இடத்தில் இறங்க முடியாது, மின்கம்பம், திறந்த சாக்கடை, வீட்டுப்படி எங்கெங்கே என்று 50 மீட்டருக்கு ஓர் அளவு எடுத்து வரைபடமாக்குங்கள். எஃப்.எம்.பி.யில் சாலைப் புறம்போக்கு எத்தனை மீட்டர் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். மனை வரைபடத்தில் "இருக்கும் சாலை" என்று காட்டும் அகலமும் நிலத்தில் உள்ள அகலமும் வேறுபடுவது அடிக்கடி நடக்கிறது. அந்த ஒரு வித்தியாசத்தை நாடாவோடு படம் எடுத்து அனுப்பினால் மறு ஆய்வு வரும்.

160 வீடு வந்தால் எத்தனை வண்டி என்று ஊகிக்க வேண்டாம். பக்கத்திலேயே குடியேறி முடிந்த 100 வீட்டு நகர் ஒன்றின் நுழைவாயிலில் காலை 8 முதல் 9 வரை நின்று எண்ணி, வீட்டுக்கு எத்தனை என்று வகுத்து, 160ஆல் பெருக்குங்கள். உள்ளூர் அளவு என்பதால் மறுப்பது கடினம்.

எல்லோரும் விட்டுவிடுவது மண் லாரி. 8 ஏக்கரை ஒரு மீட்டர் உயர்த்த 32,000 கன மீட்டருக்கு மேல் மண். மூன்று யூனிட் டிப்பரில் 8.5 கன மீட்டர்தான் ஏறும். குறைந்தது 3,800 நடை. இறுக்கிய பிறகு மண் சுருங்குவதைச் சேர்த்தால் இன்னும் கூடும். ஒரு நாளைக்கு 40 நடை என்றாலும் மூன்று மாதத்துக்கு மேல், ஏற்றமும் இறக்கமுமாகத் தினம் 80 தடவை பள்ளிக்கூடத்தைக் கடக்கும். மெல்லிய தார் போட்ட கிராமச் சாலை அதைத் தாங்காது. லாரி நேரத்தைப் பள்ளி நேரத்துக்கு வெளியே வைப்பதும், சாலைச் சேதத்துக்கு முன்பணம் கட்டுவதும் நிபந்தனையாக வர வேண்டும் என்று ஊராட்சியிடம் கேளுங்கள்.

வெள்ளத்தையும் போக்குவரத்தையும் இணைக்கும் இடம் ஒன்று உண்டு. அந்தக் குழாய் உள்ள இடத்தில் சாலை மூழ்கினால், பழைய தெருக்கள், புது 160 வீடு, எல்லோருக்கும் வெளியேறும் வழி அடைபடும். ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி உள்ளே வராது. எத்தனை மணி நேரம் அப்படி மூழ்கிக் கிடந்தது என்பதைத் தேதியோடு எழுதுங்கள்.

வண்டிப்பாதை:

ஒரு மாற்றுக் கருத்து. கடலூரில் வேலை பார்ப்பவர்களுக்கு வீடு வேண்டும், மாநகராட்சிக்குள் மனை விலை எட்டாத உயரம். "வெளியாள் வருவான், அமைதி கெடும், வயல் காட்சி போய்விடும்" என்ற வரிகள் மனுவில் இருந்தால் எடுத்துவிடுங்கள். அவை நியாயமும் இல்லை, எந்த அதிகாரியும் அவற்றை எடுத்துக்கொள்ளவும் மாட்டார். அங்கே மனை வாங்கப்போகும் 160 குடும்பமும் முதல் மழையில் இதே தண்ணீரில்தான் நிற்கும். அவர்களுக்காகவும் எழுதுகிறோம் என்று மனுவில் சொல்லுங்கள், அது உண்மையும்கூட. "நிறுத்து" என்ற கோரிக்கையை முதலில் வைத்து, நிறுத்த முடியாவிட்டால் இன்னின்ன நிபந்தனை என்று இரண்டாவதாக வையுங்கள்.

பாகூர்_ஏரி:

புதுச்சேரிப் பக்கத்திலிருந்து. இங்கே விதி வேறு: அனுமதி தருவது புதுச்சேரி நகரமைப்புக் குழுமம், விதிகள் 2012ஆம் ஆண்டின் கட்டட, மண்டல ஒழுங்குமுறை. ஆகவே மேலே சொன்ன அலுவலகப் பெயர்களை எங்கள் ஊர்க்காரர்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். தண்ணீர்க் கணக்கு மட்டும் மாறாது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கம் ஒவ்வொரு பெருமழைக்கும் படகு விட வேண்டி வருவதைப் பார்க்கிறோம். தாழ்வான இடத்தில் வீடு வந்து, வீட்டுக்கு வீடு மண் கொட்டி உயர்த்தி, ஒவ்வொரு தடவையும் சாலையை மேலே மேலே போட்டால், பழைய வீடுகள் கிண்ணத்துக்குள் போய்விடும். உங்கள் மனுவில் சாலை மட்டம் பற்றி ஒரு நிபந்தனை சேருங்கள்: புது மனைப்பிரிவின் சாலை உச்சி, ஊர்ச்சாலை உச்சியைவிட உயரக் கூடாது, பின்னால் தார் போடும்போது பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும்.

இன்னொன்று, திறந்தவெளி ஒதுக்கீடு. தமிழ்நாட்டு விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேல் உள்ள மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10% நிலமாகவே கொடுத்தாக வேண்டும், பணம் கட்டித் தப்ப முடியாது. 8 ஏக்கரில் அது அரை ஏக்கருக்குச் சற்று மேல் வரும். அது எங்கே காட்டப்பட்டிருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். வாய்க்கால் புறம்போக்கையே பூங்கா என்று கணக்கில் காட்டியிருந்தால் உடனே எழுதுங்கள்.

கெடிலக்கரை:

எல்லோருக்கும் நன்றி. எஃப்.எம்.பி. எடுத்துவிட்டோம். வாய்க்கால் தனி உட்பிரிவாக, புறம்போக்கு என்றே இருக்கிறது! பழைய கிராம நகலில் அகலம் 20 என்று போட்டிருக்கிறது. மீட்டரா, அடியா என்று புரியவில்லை. மனை போடுபவர் தரப்பிலிருந்து ஊர்ப் பெரியவர்களிடம் பேசினார்கள்: வாய்க்காலை மூடி, அடியில் 900 மி.மீ. குழாய் புதைத்து, மேலே சாலை போட்டுத் தருகிறோம், ஊருக்கும் வழி கிடைக்கும் என்கிறார்கள். சிலருக்கு அது நல்ல யோசனையாகத் தெரிகிறது. ஒப்புக்கொள்ளலாமா?

மட்டக்கோல்:

அந்த 20 லிங்க்ஸ், பழைய நில அளவைச் சங்கிலியின் அலகு. ஒரு லிங்க் 20.1 செ.மீ., ஆக 4 மீட்டர். எஃப்.எம்.பி.யில் மீட்டரில் 4.0 என்று வருகிறதா என்று ஒப்பிடுங்கள். நில அளவையரை வைத்து அத்துக்கல் (எல்லைக்கல்) காட்டச் சொல்லி வட்டாட்சியருக்கு மனு கொடுங்கள், கட்டணம் கட்டி ரசீது வாங்குங்கள். ஒரு மீட்டராக இருப்பது நான்கு மீட்டராகத் திரும்ப வேண்டும், அதுதான் முதல் கோரிக்கை.

குழாய்க்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். 4 மீட்டர் அகலம், 60 செ.மீ. ஆழமுள்ள திறந்த மண் வாய்க்கால் 1000க்கு 1 சரிவில், புல் இருந்தாலும், விநாடிக்கு சுமார் 1.3 கன மீட்டர் கடத்தும். உங்களுக்கு வேண்டிய 1 கன மீட்டர் அதற்குள் அடங்கிவிடும். அதே சரிவில் 900 மி.மீ. குழாய் 0.57தான் தரும், பாதிக்கும் கீழே. வாய்க்காலில் தண்ணீர் கூடினால் அகலத்தோடு சேர்ந்து ஏறும், கரை வழிவதைக் கண்ணால் பார்க்கலாம். குழாய் நிரம்பிவிட்டால் அதற்கு மேல் வாங்காது. பிளாஸ்டிக் பை, வைக்கோல், தென்னை மட்டை ஒன்று வாயில் சிக்கினால் நடுராத்திரியில் சாலைக்கு அடியில் இறங்கி எடுக்க முடியாது. திறந்த வாய்க்கால் என்றால் மண்வெட்டியோடு நாலு பேர் போதும்.

அ_பதிவேடு:

அதோடு, ஊர்ப் பெரியவர்கள் வாய்மொழியாகச் சம்மதித்ததுகூட "ஊரார் ஒப்புதல்" என்று கோப்பில் ஏறலாம். புறம்போக்கை மாற்றிக்கொடுக்க ஊர்ப் பெரியவர்களுக்கும் ஊராட்சிக்கும் அதிகாரம் இல்லை என்று ஒரு வரியைச் சேர்த்து, இன்றைய தேதியில் நீர்வளத்துறைக்கும் வட்டாட்சியருக்கும் தபால் போட்டுவிடுங்கள். எஃப்.எம்.பி. நகலையும் மட்டத் தாளையும் கூடவே வையுங்கள்.